சாலையே வேண்டாம் என்ற மனு: வாஷிங்டன் சதுக்கம், 1952 முதல்

குடியிருப்போர் சங்கங்கள் நகர நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் நீளமானவை. நடைபாதையை அகலப்படுத்துங்கள், மரம் நடுங்கள், பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள், விளக்கு போடுங்கள், வேகத்தடை வையுங்கள் என்று ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு கோரிக்கைகள் இருக்கும். அதிகாரி அதில் செலவு குறைந்த ஒன்றைச் செய்து முடித்து, 'மனு பரிசீலிக்கப்பட்டது' என்று கோப்பை மூடிவிடுவார். கேட்டவர்களுக்கும் ஏதோ கிடைத்த திருப்தி. நடப்பதற்கு மட்டும் முன்னைப்போலவே இடம் இருக்காது.

இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வில் கேட்டது ஒன்றே ஒன்று. நியூயார்க்கில் ஒரு பூங்காவுக்குள் ஓடிய சாலையை மூட வேண்டும், அதற்குப் பதிலாக வேறு சாலை எதுவும் போடக் கூடாது. 1952 இல் சிலர் தொடங்கிய இந்தக் கோரிக்கை 1958 இல் சோதனையாக நிறைவேறி, 1959 இல் நிரந்தரமாகி, 1963 இல் கடைசிப் பேருந்தும் வெளியேறியபோது முழுமையடைந்தது. நகரமைப்பு பேசுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், நகரத்தின் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் என்ற இரண்டு பெரிய மனிதர்களின் சண்டையாகச் சொல்வார்கள். கதைக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் தங்கள் ஊருக்காக மனு எழுத உட்காருகிறவர்களுக்கு அந்தச் சண்டையைவிட, கோரிக்கை எப்படி வடிவமைக்கப்பட்டது, எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள் என்பதுதான் உதவும். இந்த ஆய்வு அதைத்தான் பார்க்கிறது.

இடமும் அதன் பழைய சாலையும்

வாஷிங்டன் சதுக்கப் பூங்கா ஏறத்தாழ 9.75 ஏக்கர். மன்ஹாட்டனின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், ஐந்தாவது அவென்யூ தெற்கே வந்து முடியும் இடத்தில் இருக்கிறது. 1797 இல் நகரம் இந்த நிலத்தை வாங்கியது அநாதைப் பிணங்களைப் புதைப்பதற்காக. 1826 இல் அது ராணுவ அணிவகுப்புத் திடலாகி, பிறகு பூங்காவானது. வடக்கு ஓரத்தில் 1830களில் கட்டிய செங்கல் வீட்டு வரிசை இன்றும் நிற்கிறது. வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நூற்றாண்டுக்கு 1889 இல் மரத்தாலும் சாந்தாலும் ஒரு தற்காலிக வளைவு வைத்தார்கள். அது எல்லோருக்கும் பிடித்துப்போகவே, ஸ்டான்ஃபோர்ட் வைட்டின் வடிவமைப்பில் பளிங்கு வளைவு எழுந்தது. உயரம் 77 அடி.

இவ்வளவு பெருமை இருந்தும், பூங்காவின் நடுவே வண்டி ஓடியது. 1870களின் தொடக்கத்தில் குதிரை வண்டிகளுக்குப் போட்ட பாதை அது. கார் வந்ததும் காருக்கு, பேருந்து வந்ததும் பேருந்துக்கு என்று கைமாறியது. ஐந்தாவது அவென்யூப் பேருந்துகள் பூங்காவுக்குள் வந்து திரும்பி, மறுநடைக்குக் காத்து நிற்கும். குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் உறுமிக்கொண்டு நிற்கும் பேருந்துக்கும் சில அடி தூரம்தான்.

ஆக, மோசஸ் புதிதாக ஒரு பிரச்சினையைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு மோசமான ஏற்பாட்டைப் பெரிதாக்கப் பார்த்தார். இது ஏன் முக்கியம் என்றால், குடியிருப்போர் 'உள்ளது உள்ளபடி இருக்கட்டும்' என்று கேட்டிருந்தால் அந்தப் பழைய சாலை தப்பியிருக்கும். பாரம்பரியம் காக்கும் குழுக்கள் அடிக்கடி விழும் குழி இது. இருப்பதைக் காப்பாற்றுகிற அவசரத்தில், இருப்பதில் உள்ள கோளாறையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுவார்கள்.

மோசஸின் கணக்கு

ராபர்ட் மோசஸ் 1934 முதல் 1960 வரை நியூயார்க்கின் பூங்கா ஆணையர். கூடவே பாலங்கள், விரைவுச்சாலைகள், குடிசைப்பகுதி அகற்றும் திட்டம் என்று பல பொறுப்புகளை ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். தேர்தலில் ஜெயித்து வந்தவர் அல்ல. மேயர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை.

1930களின் கடைசியிலேயே அவர் சதுக்கத்தின் மூலைகளை வளைத்து, சுற்றிலும் வண்டி ஓடும் வட்டமாக மாற்றப் பார்த்தார். வரைபடத்தில் அது குளியலறை மிதியடி மாதிரி இருந்ததால் அக்கம்பக்கத்தார் அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். கிண்டல் பெயர் ஒட்டிக்கொண்ட திட்டம் எழுந்து நடப்பது கஷ்டம். அது நின்றுபோனது.

1952 இல் வந்த திட்டம் அப்படிக் கிண்டல் செய்து ஒதுக்கக்கூடியதாக இல்லை. காரணம், அதன் பின்னால் பணம் இருந்தது. 1949 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் பிரிவு, நலிந்த பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களை இடித்துத் தனியாருக்குக் கொடுக்க மத்திய அரசின் நிதியை வழங்கியது. பூங்காவின் தென்கிழக்கே இருந்த தெருக்களை மோசஸ் இந்தத் திட்டத்தில் சேர்த்தார். அங்கே இருந்தவை சிறு தொழிற்கூடங்கள், பழைய வாடகைக் குடியிருப்புகள். அவற்றை இடித்த இடத்தில் புதிய அடுக்குமாடி கட்டுவோருக்கு அவர் காட்டிய ஆசை, ஐந்தாவது அவென்யூ என்ற முகவரி. பூங்காவை ஊடுருவி அந்த அவென்யூவைத் தெற்கே நீட்டி, 'ஐந்தாவது அவென்யூ தெற்கு' என்று பெயர் வைத்துவிட்டால் மனையின் மதிப்பு தானாக ஏறும். இன்னும் தெற்கே, தீவைக் குறுக்காக வெட்டிப் போகவிருந்த கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலையோடும் இந்தப் பாதை இணையும்.

பூங்காவுக்குள் போடுவதாகச் சொன்ன சாலையின் வேலை, பூங்காவுக்கு வெளியே மனை விற்பது. போக்குவரத்து நெரிசல் என்பது கோப்பில் எழுதிய காரணம். இதைப் புரிந்துகொள்ளாமல் எதிர்ப்பவர்கள் நெரிசலுக்கு மாற்று வழி வரைந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மாற்று வழிகளை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வரிக் கோரிக்கை

1952 இல் எதிர்ப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஷெர்லி ஹேய்ஸ். நான்கு பிள்ளைகளின் தாய், முன்பு நடிகையாக இருந்தவர். நகரமைப்புப் படிப்பு எதுவும் கிடையாது. ஈடித் லயன்ஸ் போன்ற அக்கம்பக்கத்து ஆட்களோடு சேர்ந்து வாஷிங்டன் சதுக்கப் பூங்காக் குழுவை அமைத்தார். முதல் சுற்றிலேயே சுமார் 4,000 கையெழுத்து சேர்ந்தது. நகர நிர்வாகம் திட்டத்தைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்தது.

இங்கே பலர் வெற்றி என்று கலைந்து போயிருப்பார்கள். ஹேய்ஸ் அப்படிச் செய்யவில்லை. அவர் அடுத்து எடுத்த நிலைப்பாடுதான் இந்த நிகழ்வின் அச்சாணி. புதிய சாலை வேண்டாம் என்பதோடு, இருக்கிற சாலையும் வேண்டாம், தார் போட்ட அந்த நிலத்தைப் பூங்காவுக்கே திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அவசர ஊர்திகளுக்கு மட்டும் விலக்கு. முதலில் இதை அவருடைய ஆதரவாளர்களே கொஞ்சம் அதிகம் என்றுதான் நினைத்தார்கள்.

ஆனால் இந்தக் கோரிக்கையில் ஒரு வசதி உண்டு. அதைப் புரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கும், சதுரங்கம் ஆடும் முதியவருக்கும், பல்கலைக்கழக மாணவருக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நிர்வாகத்துக்குச் செலவும் கிடையாது, குறுக்கே ஒரு தடுப்பு வைத்தால் போதும். பெரிய திட்டத்தை எதிர்த்துப் பெரிய திட்டம் கொண்டுபோனால் பொறியாளர்கள் அதில் நூறு ஓட்டை காட்டுவார்கள். தடுப்பில் என்ன ஓட்டை காட்டுவது?

1955 இல் மோசஸ் மறுபடி வந்தார். இம்முறை பூங்காவின் நடுவே பள்ளம் தோண்டி 48 அடி அகலத்தில் தாழ்வான சாலை, மேலே ஆட்கள் கடக்க ஒரு நடைமேம்பாலம். நடப்பவர்களுக்கும் வழி செய்திருக்கிறோமே என்ற பதிலும் தயாராக இருந்தது. நடைமேம்பாலம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலான நடைமேம்பாலங்கள் வண்டிக்காகக் கட்டுவதுதான். நடப்பவர் ஏறி இறங்கிச் சிரமப்பட, வண்டி நிற்காமல் போகும்.

ஜேன் ஜேக்கப்ஸ் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார். அப்போது ஒரு கட்டடக்கலை இதழில் வேலை பார்த்தார், ஹட்சன் தெருவில் பழைய வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக் குடியிருந்தார். ஹேய்ஸ் குழுவின் துண்டறிக்கை கைக்குக் கிடைத்ததும் ஆதரவு தெரிவித்து எழுதினார். 1955 ஜூனில் மேயர் ராபர்ட் வாக்னருக்கும் கடிதம் போட்டார். அதில் அவர் வாதம் செய்யவில்லை. இந்த நகரத்தை நம்பி, சொந்த உழைப்பில் ஒரு வீட்டைச் சீர்செய்து, மூன்று பிள்ளைகளை இங்கேயே வளர்க்கிறோம், நகரத்தை வாழத் தகாததாக்க நிர்வாகமே முனைந்தால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது என்ற தொனியில் எழுதினார். நிபுணத்துவம் இருந்தும் குடியிருப்பவராகவே பேசியது கவனிக்க வேண்டியது.

36 அடி

1957 இல் மன்ஹாட்டன் பரோவின் (நியூயார்க் நகரத்தின் ஐந்து பிரிவுகளில் ஒன்று) தலைவர் ஹூலன் ஜேக் சமரசத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். 48 அடி அதிகம், 36 அடி போதும் என்றார். மோசஸ் 48 க்குக் குறைய மாட்டேன் என்றார். பத்திரிகைகளில் விவாதம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நகர ஆரம்பித்தது. சில சங்கங்களுக்கு 36 அடி நியாயமாகவே தெரிந்தது. பெரியவர் ஒருவர் இறங்கி வந்திருக்கிறார், நாமும் கொஞ்சம் இறங்குவோமே என்ற பேச்சு எழுந்தது. நகரத் திட்டக் குழுவும் 1958 இல் 36 அடிக்குத் தலையசைத்தது.

இது எவ்வளவு ஆபத்தான இடம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 36 அடிக்கு ஒப்புக்கொண்டால் பூங்கா இரண்டு துண்டாவது உறுதி. நடக்கிறவருக்கு 36 அடியைக் கடப்பதற்கும் 48 அடியைக் கடப்பதற்கும் வித்தியாசம் சில நொடிகள். சாலை வேண்டுமா என்ற கேள்வி செத்து, எத்தனை அடி என்ற கேள்வி மட்டும் உயிரோடு இருக்கும். அதிலும் அகலம் என்பது பின்னாளில் கூட்டிக்கொள்ளக்கூடியது. ஓரத்தில் சில மரங்களை எடுத்தால் முடிந்தது.

ஹேய்ஸ் குழு இந்த எண் விளையாட்டுக்குள் போக மறுத்தது. 1958 இல் ரேமண்ட் ரூபினோ தலைமையில் உருவான கூட்டு அவசரக் குழு இதை இன்னும் கெட்டிப்படுத்தியது. குழுவின் பெயரிலேயே கோரிக்கை இருந்தது: அவசர ஊர்தி தவிர மற்ற எல்லாப் போக்குவரத்துக்கும் வாஷிங்டன் சதுக்கத்தை மூடும் கூட்டு அவசரக் குழு. நீளமான பெயர்தான். ஆனால் சேருகிறவருக்கு எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில் குழப்பம் வராது, சேர்ந்த பிறகு 'நான் 30 அடிக்கு ஆதரவு' என்று தனிப்பாட்டு பாடவும் முடியாது.

இந்த அமைப்பு முறைக்கு இன்னொரு பலன் இருந்தது. ஒரே விஷயத்துக்கான குழு என்பதால் மற்ற எதிலும் உடன்படாதவர்கள் ஒன்றாக உட்கார முடிந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மனைவியாக இருந்த எலினார் ரூஸ்வெல்ட், நகரவியல் அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட், எழுத்தாளர் வில்லியம் வைட், வீட்டுவசதி வழக்கறிஞர் சார்ல்ஸ் ஏப்ரம்ஸ் என்று பெரிய பெயர்கள் ஒரு பக்கம். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, அதற்குள் சீர்திருத்த அணி, பழைய அணி என்று அத்தனை பேரும் மறுபக்கம். 1955 இல் அந்த வட்டாரத்திலேயே தொடங்கிய வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் விடாமல் எழுதியது. கடைகளில் மனுத்தாள்கள் கிடந்தன, பிள்ளைகள் சுவரொட்டி ஒட்டினார்கள். கையெழுத்து 30,000 ஐ எட்டியது.

வாக்கு எங்கே இருந்தது

கையெழுத்து எத்தனை இருந்தாலும் முடிவெடுக்கிறவர் யார் என்று தெரியாமல் அலைந்தால் வீண். அன்றைய நியூயார்க்கில் சாலை, நிலம், செலவு ஆகியவற்றை முடிவு செய்தது மதிப்பீட்டு வாரியம் என்ற அமைப்பு. மேயர், நிதிக் கட்டுப்பாட்டாளர், நகர மன்றத் தலைவர், ஐந்து பரோ தலைவர்கள் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். எல்லோரும் தேர்தலில் நிற்கிறவர்கள். மோசஸுக்குத் தேர்தல் பயம் இல்லை. வாரியத்துக்கு இருந்தது.

அந்தப் பயத்தின் முகவரி கார்மைன் டி சாபியோ. டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் தலைவர், மாநிலச் செயலாளர் பதவியிலும் இருந்தவர். மேயர்களை உருவாக்குகிற ஆள் என்று பெயர். ஆனால் அவருடைய சொந்தக் கட்சிப் பதவி கிரீனிச் வில்லேஜ் வட்டாரத் தலைவர் பதவிதான். வீடும் அங்கேதான். 1950களின் பிற்பகுதியில் அவரைக் கவிழ்க்க அதே வட்டாரத்தில் இளைஞர்களின் சீர்திருத்த அணி ஒன்று முளைத்திருந்தது. சொந்தத் தெருவில் தோற்றால் நகரம் முழுவதும் வைத்திருக்கும் செல்வாக்கு போய்விடும். பூங்காவுக்காக 30,000 பேர் கையெழுத்துப் போட்டிருக்கும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

1958 செப்டம்பர் 18 அன்று நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் டி சாபியோ நேரில் வந்து, பூங்காவை வண்டிகளுக்கு மூட வேண்டும் என்று பேசினார். அவர் பேசிய பிறகு வாரியத்தில் இருந்தவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்துபோயிற்று. மோசஸ், 'இந்தத் திட்டத்தை யாருமே எதிர்க்கவில்லை, ஒரு தாய்மார் கூட்டத்தைத் தவிர' என்று அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் கத்திவிட்டு வெளியேறியதாக ஜேக்கப்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இது இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி. எனக்கு அதைவிட டி சாபியோவின் பேச்சுதான் பெரிய சங்கதியாகப் படுகிறது. தாய்மார்கள் ஆறு வருடம் உழைத்து, ஓட்டுக் கணக்கு போடத் தெரிந்த ஒரு அரசியல்வாதி தங்கள் பக்கம் நிற்பதுதான் லாபம் என்று நினைக்கும் நிலையை உருவாக்கியிருந்தார்கள். சமுதாயக் கோரிக்கைகள் பற்றிய எழுத்துகளில் இந்தப் பகுதியைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அரசியலைத் தொட்டால் தீட்டு என்ற நினைப்பு. ஓட்டை எண்ணத் தெரியாத மனு அலமாரியிலேயே இருக்கும்.

சோதனைக்கு மூடுங்கள்

கேட்ட விதத்திலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. நிரந்தரமாக மூடுங்கள் என்பது இறுதிக் கோரிக்கை. அதற்கு முன், கொஞ்ச காலம் மூடித்தான் பாருங்களேன் என்றார்கள். இது சுமையை இடம் மாற்றியது. அதுவரை, மூடினால் நெரிசல் வராது என்று குடியிருப்போர் நிரூபிக்க வேண்டியிருந்தது. எப்படி நிரூபிப்பார்கள்? மூடிப் பார்த்தால், நெரிசல் வந்தது என்று நிர்வாகம் காட்ட வேண்டும்.

நகரப் போக்குவரத்து ஆணையர் தயங்கவே இல்லை. சுற்றுத் தெருக்கள் திணறிப்போகும், மூடச் சொன்னவர்களே திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு வருவார்கள் என்று எச்சரித்தார். பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களையாவது அகலப்படுத்த வேண்டும் என்ற யோசனையும் கூடவே வந்தது. குடியிருப்போர் அதையும் ஏற்கவில்லை. சுற்றுத் தெருவை அகலப்படுத்துவது என்றால் பூங்காவின் ஓரத்தையும் நடைபாதையையும் நறுக்குவது. நடுவில் மிச்சம் பிடித்ததை விளிம்பில் இழப்பது.

1958 நவம்பர் 1 அன்று பூங்கா வண்டிகளுக்குத் தற்காலிகமாக மூடப்பட்டது. சாலை திறக்கும்போது ரிப்பன் வெட்டுவார்கள். இங்கே வழியை மறித்து ரிப்பனைக் கட்டினார்கள், இரண்டு சிறுமிகள் பிடித்துக்கொள்ள. தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன என்பதும் தற்செயல் அல்ல.

அப்புறம் நடந்தது எந்தப் பொறியாளரின் கணக்கிலும் இல்லாதது. சுற்றுத் தெருக்களில் வண்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். கூடவில்லை. பெரும்பாலான தெருக்களில் சற்றுக் குறைந்தே இருந்தது. ஐந்தாவது அவென்யூவின் தென்கோடியில் கணிசமாகவே குறைந்தது. அப்படியானால் அந்த வண்டிகள் எங்கே போயின என்ற கேள்விக்கு, அவை வேறு எந்தத் தெருவிலும் சேர்ந்து நிற்கவில்லை என்பதுதான் பதில். ஜேக்கப்ஸ் 1961 இல் வந்த தன் நூலில் இதை விரிவாக எடுத்துக்கொண்டு, வண்டிக்கு இடம் சுருங்கினால் வண்டியும் சுருங்கும் என்று வாதிட்டார்.

போக்குவரத்தைக் குழாய்த் தண்ணீர் போல நினைப்பதுதான் இங்கே தவறிப்போனது. ஒரு குழாயை அடைத்தால் தண்ணீர் அடுத்த குழாயில் அதே அளவு பாயும். வண்டி ஓட்டுகிறவர் தண்ணீர் அல்ல, யோசிக்கிறவர். வேறு நேரத்தில் போவார், பேருந்தில் போவார், ரயிலில் போவார், இரண்டு வேலையை ஒரே நடையில் முடிப்பார், சில பயணங்களைத் தவிர்த்தும் விடுவார். நாற்பது வருடம் கழித்துப் பிரிட்டனில் கெய்ர்ன்ஸ், ஆட்கின்ஸ், குட்வின் ஆகிய ஆய்வாளர்கள் 11 நாடுகளில் சாலை இடம் குறைக்கப்பட்ட 70 க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை அலசி 2002 இல் முடிவு வெளியிட்டார்கள். பாதி இடங்களில் அந்தப் பகுதியின் மொத்தப் போக்குவரத்தில் சுமார் 11 விழுக்காட்டுக்கும் மேல் காணாமல் போயிருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, சில இடங்களில் கூடவும் செய்தது. ஆனால் பெருங்குழப்பம் வரும் என்ற கணிப்பு அபூர்வமாகவே பலித்தது. ஆகவே சோதனை மூடல் கேட்கும்போது, மூடும் முன்பே சுற்றுத் தெருக்களில் வண்டிகளை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். முன்கணக்கு இல்லாவிட்டால் பின்கணக்குக்கு மதிப்பில்லை, சண்டையில் சத்தம் போடுகிறவர் ஜெயிப்பார்.

1959 இல் மூடல் நிரந்தரமானது. பேருந்துகள் மட்டும் பூங்காவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தன. அவை போக 1963 வரை ஆயிற்று. அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் எட் காக். அதே வருடம் அவர் வட்டாரத் தலைவர் தேர்தலில் டி சாபியோவைத் தோற்கடித்தார், பின்னாளில் நகரத்தின் மேயரானார். பூங்காவைக் காப்பாற்றியும் டி சாபியோவால் தன் பதவியைக் காப்பாற்ற முடியவில்லை. 1961 இலேயே ஒரு முறை தோற்றிருந்தார்.

வண்டி போன பிறகு

நடப்பதற்கு இடம் கிடைத்தால் யார் யாரோ வருவார்கள். வண்டியை விரட்டியவர்களில் சிலருக்கே இது உவப்பாக இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீரூற்றைச் சுற்றி கிட்டார் வைத்துப் பாடும் இளைஞர் கூட்டம் பெருகியது. புகார்கள் போயின. 1961 இல் மோசஸுக்குப் பிறகு வந்த பூங்கா ஆணையர் நியூபோல்ட் மாரிஸ் பாடுவதற்கு அனுமதி மறுத்தார். ஏப்ரல் 9 அன்று பாடகர்கள் கூடினார்கள், போலீஸ் வந்தது, தள்ளுமுள்ளு, கைது. சில வாரங்களில் மேயர் தலையிட்டுத் தடையை விலக்கினார்.

பூங்கா யாருக்கு என்ற கேள்வி கோரிக்கை மனுவில் இல்லை. இருக்கவும் முடியாது, ஒரு வரி மனுவின் விலை அது. ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்த கூட்டம், அந்த விஷயம் முடிந்த மறுநாள் கலைந்துவிடும். கிடைத்த இடத்தை எப்படி நடத்துவது, இரைச்சலுக்கு என்ன வரம்பு, கடை போடலாமா, இரவில் மூடலாமா என்பதற்கெல்லாம் வேறு அமைப்பு வேண்டும். கூட்டு அவசரக் குழுவிடம் அது இல்லை. 2007 இல் தொடங்கிய சீரமைப்பில் நீரூற்றை 22 அடி நகர்த்தி வளைவுக்கு நேராக வைத்தபோது மறுபடி வழக்கு, வாக்குவாதம். நேர்கோட்டில் இல்லாத நீரூற்றுதான் தங்கள் பாரம்பரியம் என்றார்கள் சிலர். நகைச்சுவையாகத் தோன்றும். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது நியாயமான வாதம்தான்.

பாரம்பரியச் சட்டம் பின்னால் வந்தது

1958 இல் கிரீனிச் வில்லேஜின் பழைய வீடுகளைக் காக்க நகரத்தில் எந்தச் சட்டமும் இல்லை. பூங்காவைக் காத்த வாதத்தில் வளைவின் பெருமையும் வடக்கு வரிசை வீடுகளின் அழகும் பேசப்பட்டன, ஆனால் சட்டப்படி அவற்றுக்கு எடை இல்லை. ஜெயித்தது, தினமும் அந்த வழியே நடக்கிறவர்களின் எண்ணிக்கை.

1963 அக்டோபரில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்புதான் நகரத்தை உலுக்கியது. 1965 ஏப்ரலில் மேயர் வாக்னர் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கிரீனிச் வில்லேஜைப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கும் பேச்சு எழுந்தபோது, பல சிறு துண்டுகளாகப் பிரித்து அறிவிக்கும் யோசனையை நிர்வாகம் முன்வைத்தது. குடியிருப்போர் மறுபடி அதே பிடிவாதம் பிடித்தார்கள். துண்டு வேண்டாம், முழுவதும் ஒன்றாக. துண்டுகளுக்கு நடுவே விடுபடும் தெருக்களில்தான் இடிப்பு நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1969 ஏப்ரல் 29 அன்று 2,000 க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஒரே பகுதியாக அறிவிக்கப்பட்டன. 36 அடியை மறுத்துப் பழகியவர்களுக்குத் துண்டுகளை மறுப்பது எளிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதே வருடம் கீழ் மன்ஹாட்டன் விரைவுச்சாலையும் நகரத்தின் திட்டத்திலிருந்து நீங்கியது. பூங்காவுக்குள் போடவிருந்த சாலை தெற்கே போய்ச் சேரவேண்டிய இடமே இல்லாமல் போயிற்று.

இந்தச் சட்டம் சுவர்களைக் காத்தது, சுவருக்குள் இருந்தவர்களை அல்ல. ஜேக்கப்ஸ் 1947 இல் 7,000 டாலருக்கு வாங்கிய ஹட்சன் தெரு வீடு 2009 இல் 30 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. துறைமுகத் தொழிலாளியும் பூட்டுக் கடைக்காரரும் எழுத்தாளரும் ஒரே தெருவில் இருந்ததுதான் அவர் புகழ்ந்த வில்லேஜ். இப்போது கட்டடம் அப்படியே இருக்கிறது, பூட்டுக் கடைக்காரரால் அங்கே வாடகை கொடுக்க முடியாது. நடக்க நல்ல இடம், பழைய அழகு, புதுக் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் விலை ஏறும் என்பது அன்றைய மனுக்களில் யாரும் யோசிக்காதது. இன்று மனு எழுதுகிறவர்கள் வாடகைப் பாதுகாப்பையும் கூடவே பேசியாக வேண்டும். ஆனால் அதே தாளில் அல்ல. இன்னொரு மனுவாக, அதற்கென்று இன்னொரு குழுவாக.

தென்கிழக்குத் தெருக்கள்

பூங்காவுக்குள் சாலை வரவில்லை. ஆனால் அந்தச் சாலை எதற்காகத் திட்டமிடப்பட்டதோ, அந்த இடிப்பு நடந்துவிட்டது. தென்கிழக்கே இருந்த தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் 1950களிலேயே தரைமட்டமாகி, வாஷிங்டன் ஸ்கொயர் வில்லேஜ் என்ற நீளமான அடுக்குமாடித் தொகுதிகள் எழுந்தன. இடையிலிருந்த தெருக்கள் மூடப்பட்டுப் பல மனைத்தொகுதிகள் ஒன்றாக்கப்பட்டதால் முன்பு குறுக்கே நடந்து போனவர்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவர்களும் எதிர்த்தார்கள். ஆனால் அவர்களுக்கு எலினார் ரூஸ்வெல்ட் வரவில்லை. பூங்கா எல்லோருடையது என்று எல்லோருக்கும் தோன்றியது. தொழிற்கூடம் அங்கே வேலை பார்த்தவர்களுடையதாக மட்டுமே தோன்றியது. ஒரே விஷயத்தில் ஒட்டிக்கொண்ட குழு, சாலையைத் தாண்டிப் பார்க்க மறுத்ததற்கு இதுவும் ஒரு விளைவு. அந்த மறுப்பு இல்லாவிட்டால் பூங்காவும் போயிருக்கலாம் என்பதால் அவர்களைக் குறைசொல்வது சுலபமில்லை.

1969 இன் எல்லைக்கோடு தெற்குப் பக்கத்தின் பெரும்பகுதியைச் சேர்க்காமல் நின்றது. இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த அந்தப் பக்கத்துத் தெருக்கள் அன்றைய கண்ணுக்கு அழகாகத் தெரியவில்லை. சவுத் வில்லேஜ் பாரம்பரியப் பகுதி அறிவிக்கப்பட்டது 2013 இல். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2008 இல், மோசஸ் இடித்த நிலத்தின் தென்பாதியில் 1960களில் ஐ. எம். பெய் நிறுவனம் கட்டிய மூன்று கான்கிரீட் கோபுரங்கள் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகப் பட்டியலில் ஏறிவிட்டன.